கிட் கார்: சேசிஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால்

தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் வேலை. வீட்டோடு ஒரு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கராஜ். லோட்டஸ் செவன் வடிவத்தில், இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றைத் தன் கையாலேயே கட்ட ஆசை. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் இந்த மாதிரிக் காருக்குத்தான் கிட் கார் என்று பெயர். யாரோ பாதியில் விட்ட சேசிஸ் (காரின் அடிச் சட்டகம்) ஒன்று மலிவாக வருகிறதாம். "அண்ணா, இந்தச் சனிக்கிழமையே போய் வாங்கிவிடவா? வேறு என்னென்ன யோசிக்கணும்?" என்பது கேள்வி.

தம்பி, சனிக்கிழமை போய்ப் பாருங்கள். பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது நல்ல சேசிஸாகவே இருக்கலாம். ஆனால் அதில் உங்கள் கால் நுழையுமா, எந்த எஞ்சின் உட்காரும், டெஸ்டில் தேறுமா என்ற மூன்று கேள்விக்கும் இன்று உங்களிடம் பதில் இல்லை. நான் கட்டிய முதல் கார் ரோட்டுக்கு வர நாலரை வருஷம் ஆயிற்று. இரண்டாவது கார் பதினான்கு மாதத்தில் வந்தது. இடையில் எனக்குக் கைவேகம் ஒன்றும் கூடிவிடவில்லை. இரண்டாவது காருக்கு முதல் மூன்று மாதம் ஸ்பேனரையே தொடாமல் நோட்டும் டேப்புமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் நம்பர் பிளேட் வாங்க வேண்டுமானால் ஐவிஏ என்ற தனி வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். 2009-க்கு முன்பு எஸ்விஏ என்று இருந்ததன் இடத்தில் வந்தது இது. வருஷா வருஷம் எடுக்கும் எம்ஓடி மாதிரி ஒரு மணி நேர வேலை என்று நினைக்காதீர்கள். அரை நாளுக்கும் மேலே காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். என்ன பார்ப்பார்கள் என்பதை முழுக்க எழுதி, கையேடாக இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதைக் கார் முடிந்த பிறகுதான் திறக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நீங்கள் அதை இப்போதே அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'இது என் காரில் எங்கே வரும்' என்று எழுதிக்கொண்டே படியுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் கையில் ஒரு பந்து இருந்தது. 100 மில்லிமீட்டர் விட்டம், பெரிய சாத்துக்குடி அளவு. அதைக் காரின் வெளிப்புறம் முழுக்க மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பந்து தொடுகிற இடத்தில் இருக்கும் எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் கார் இடித்தால் சதையைக் கிழிக்கக் கூடாது என்பதற்கான விதி. ஹெட்லைட் பிராக்கெட்டுக்கு வந்தார். நட்டின் மூலை பந்தில் பட்டது. தாளில் ஒரு கோடு போட்டார். முன்சக்கர மட்கார்டைத் தாங்கும் கம்பிக்கு வந்தார், இன்னொரு கோடு. நட்டுக்கு மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடி சில பென்ஸ்தான், அதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. என் கழுத்தைப் பிடித்தது டேஷ்போர்டு. அலுமினியத் தகட்டை அழகாக வெட்டி, கீழ் விளிம்புக்கு ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தேன். அந்தக் கீழ் விளிம்புக்கு 19 மி.மீ. ஆரம் வேண்டும். அதாவது 38 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயின் மேல் தகட்டைச் சுற்றி வளைத்தது போல இருக்க வேண்டும். இது முதலிலேயே தெரிந்திருந்தால் குழாயை வைத்து அப்படியே வளைத்திருப்பேன். தெரியாததால் மீட்டர், சுவிட்ச், வயரிங் எல்லாவற்றையும் கழற்றி, டேஷ்போர்டை மறுபடி செய்து, மறுபடி மாட்டினேன். ஆறு வாரம் போயிற்று.

இந்த மாதிரி, சேசிஸ் வெறும் கூடாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை நிறைய உண்டு. டிப் விளக்கு தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது, 1200-ஐத் தாண்டக் கூடாது. அதன் வெளி ஓரம் காரின் பக்கவாட்டிலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். செவன் போன்ற தாழ்வான காரில், விளக்கு நடுவே நெருங்கி நிற்கும்படி பழைய பாணியில் வைக்க ஆசைப்பட்டால் இது இடிக்கும். பின்னால் ஃபாக் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி வேண்டும். சத்தம் 99 டெசிபெலைத் தாண்டக் கூடாது, ஆகவே சைலன்சர் எவ்வளவு பருமன், அது எந்தப் பக்கம் ஓடும் என்பதும் இப்போதே தெரிந்தாக வேண்டும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் லாக் ஆகக் கூடாது. பிரேக்கை மிதிக்க உதவும் சர்வோவை எடுத்துவிட்டு, காரின் எடையையும் பாதியாக்கிவிட்டு, பழைய காரின் பிரேக்கை அப்படியே மாட்டினால் சரியாக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கிட் செய்கிறவரிடம், எந்த அளவு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) போட்டுத் தேறியது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டியரிங்கும் அப்படித்தான். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். எடை குறைந்த கார்கள் இதில் நிறையத் தோற்கின்றன. காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவை, மாற்றிக்கொள்ள வசதியுள்ள சஸ்பென்ஷன்தானா என்று வாங்கும் முன் கேட்பது ஒரு கேள்வி. கட்டிய பிறகு அந்த வசதியை உண்டாக்குவது வெல்டிங் வேலை.

அடுத்தது உங்கள் உடம்பு. இதை யாரும் முதலில் நினைப்பதே இல்லை. செவன் வடிவக் காரில் பெடல் இருக்கும் இடம் ஒரு சின்னப் பெட்டி. சிலவற்றில் மூன்று பெடலும் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி நிற்கும். நான் இரண்டாவது காருக்கு என்ன செய்தேன் என்றால், கராஜ் தரையில் சாக்பீஸால் சேசிஸின் உள்ளளவை அப்படியே வரைந்தேன். வாங்க நினைத்திருந்த சீட்டை ஒரு பிளைவுட் பலகையில் வைத்து உட்கார்ந்தேன். அட்டைப் பெட்டியை வெட்டிப் பெடல், நடு டனல், பக்கச் சுவர் எல்லாம் நிறுத்தினேன். துடைப்பக் கட்டைதான் ஸ்டியரிங் கம்பி. என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கிளட்சை மிதிக்கிற மாதிரி இருபது தடவை காலை அழுத்தினேன். எட்டாவது தடவையிலேயே முழங்கால் ஸ்டியரிங் இருந்த இடத்தில் இடித்தது. சீட்டை 40 மி.மீ. பின்னால் தள்ளினால் சரியாகிறது, ஆனால் நான் மனதில் வைத்திருந்த சேசிஸில் அந்த 40 மி.மீ. இல்லை. அதே கம்பெனியின் அகலமான, நீளமான சேசிஸுக்கு அன்றைக்கே மாறிவிட்டேன். எனக்கு உயரம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவுதான். முதல் காரை நான் மூன்று வருஷம் கால் மரத்துப்போய்த்தான் ஓட்டினேன்.

சரி, எந்த எஞ்சின்? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட்டும் சியராவும்தான் டோனர் கார்கள். டோனர் என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் போன்றவற்றைக் கொடுத்துவிட்டுத் தன் உடம்பை விடுகிற பழைய கார். பழைய எஸ்கார்ட்டின் பின் ஆக்சிலுக்கு இன்று ஏகப்பட்ட விலை. சியரா கண்ணிலேயே படுவதில்லை. இப்போது புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பதில் மஸ்டா எம்எக்ஸ்-5. எஞ்சின் நீளவாக்கில் உட்காரும், பின்சக்கரம் ஓட்டும், அதாவது செவனுக்கு வேண்டிய அமைப்பு அப்படியே இருக்கிறது. 1989-இல் வந்த முதல் தலைமுறையும் 1998-இல் வந்த இரண்டாவதும் இன்னும் கிடைக்கின்றன. இந்த நாட்டில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிறார்கள் அல்லவா, அது இந்தக் கார்களின் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியைத் தின்றுவிடும். எஞ்சின் கல்லு மாதிரி இருக்க, உடம்பு துருப்பிடித்து எம்ஓடியில் தோற்ற கார்கள் மலிவாக வருவது அதனால்தான். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் ஓடாத காரை வாங்காதீர்கள். எம்ஓடி இன்னும் சில வாரம் மிச்சம் இருக்கும் காராகப் பார்த்து வாங்கி, இன்ஷூரன்ஸ் போட்டு, ஒரு வாரம் வேலைக்கு ஓட்டிப் போய் வாருங்கள். இரண்டாவது கியரில் கரகரக்கிறதா, சூடான பிறகு ஆயில் பிரஷர் என்ன, டிஃபரன்ஷியல் முனகுகிறதா என்பதெல்லாம் தரையில் கழற்றிப் போட்ட பிறகு தெரியாது. அப்புறம் கழற்றும்போது ஒவ்வொரு வயர் கனெக்டருக்கும் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டி, ஒட்டியதைப் போட்டோ எடுங்கள். இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள கார் என்றால் சாவி, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அது சம்பந்தப்பட்ட வயரிங் எல்லாம் ஒன்றாகவே வர வேண்டும்; சாவியைத் தொலைத்தால் எஞ்சின் திரும்புமே தவிர ஸ்டார்ட் ஆகாது. மிச்சமாகும் கதவு, சீட், துணிக் கூரை இவற்றை விற்றால் டோனரின் விலையில் கணிசமான பகுதி திரும்ப வந்துவிடும். கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, அதாவது ஹார்டுடாப், இருந்தால் அதற்கு எப்போதும் ஆள் காத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மிச்சமான கூட்டைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால், டோனரின் பதிவுச் சான்றிதழ், அதாவது லாக்புக், என்ன ஆகிறது என்று டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். புதிய சேசிஸில், ஒரே டோனரிலிருந்து வந்த இரண்டு பெரிய பாகங்கள் இருப்பதாகக் காட்ட முடிந்தால், அந்த டோனரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்க வழி உண்டு. எது எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் கியூ-வில் தொடங்கும் நம்பர் தருவார்கள். புகைப் பரிசோதனையும் எஞ்சின் எந்த ஆண்டில் தயாரானது என்பதை வைத்துத்தான். அதற்கும் ஆதாரம் கேட்பார்கள். அதனால் முதல் நாளே ஒரு ஃபைல் போடுங்கள். ஒரு வாஷர் வாங்கிய ரசீதாக இருந்தாலும் அதில் போக வேண்டும். நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு, நீங்கள் ஸ்பேனரோடு நிற்கிற போட்டோக்களையும் மாதம் ஒன்றாவது எடுத்து வையுங்கள். பதிவுக்கு அனுப்பும்போது இவை கேட்கப்படும்.

இந்த வகைக் காருக்கு எப்போதுமே சட்டத்தோடு ஒரு உறவு உண்டு. 1957-இல் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டு வந்தபோது, முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டும், பாகங்களாக வாங்கினால் வேண்டாம் என்று இருந்தது. கட்டுவதற்கான குறிப்பைக் கூடவே கொடுக்கவும் கூடாதாம்; ஆகவே 'கழற்றுவது எப்படி' என்று எழுதிக் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைத் தலைகீழாகப் படித்துக் கட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1973-இல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டுதான் செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போனது. இன்றைக்கும் அவர்கள் அதைக் கிட்டாக விற்கிறார்கள். எல்லாப் பாகமும் பெட்டியில் வரும் அப்படிப்பட்ட முழுக் கிட்டை நூறு மணி நேரத்தை ஒட்டி முடித்தவர்கள் இருக்கிறார்கள். டோனரைக் கழற்றிச் சுத்தம் செய்து கட்டும் உங்கள் வகைக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். வாரத்துக்கு உண்மையிலேயே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எனக்கு ஏழு மணி நேரம் கிடைத்தது. பதினைந்து கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கராஜ் விஷயம். செவன் வடிவக் கார் மூன்றேகால் மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் கராஜின் கதவு பெரும்பாலும் ஏழடிதான், ஆனாலும் கார் நுழையும். பிரச்சினை கார் இல்லை. அதே நேரத்தில் டோனரும், கழற்றிய எஞ்சினும், ஃபைபர் பாடி பாகங்களும், எஞ்சின் கிரேனும் எங்கே இருக்கும் என்பதுதான். என் வரிசை இதுதான்: டோனரை முழுக்கக் கழற்றி, கூடு வீட்டை விட்டுப் போன பிறகே சேசிஸ் டெலிவரி. பாடி பாகங்கள் கடைசியில். இப்படிச் செய்தால் இடம் மட்டுமல்ல, பணமும் ஒரே மாதத்தில் கரையாது.

பணம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். எல்லோரும் சேசிஸ், டோனர், சக்கரம், சீட் என்று நாலு பெரிய வரி எழுதிக் கூட்டிவிடுவார்கள். முதல் காரில் நான் நட், போல்ட், ரிவெட், பி-கிளிப், ஹோஸ், வயர், சீலண்ட், ஆயில், பெயின்ட் என்று சில்லறையாக வாங்கியவற்றைக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். டோனருக்குக் கொடுத்ததைவிட அதிகம். வயரும் பெட்ரோல் குழாயும் 300 மி.மீ.க்கு ஒரு இடத்தில் பிடித்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது டெஸ்ட் விதி. காரின் நீளத்துக்கு எத்தனை கிளிப் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மொத்தக் கணக்கின் மேல் கால் பங்கு தனியாக எடுத்து வையுங்கள். டெஸ்ட் கட்டணம், மறு டெஸ்ட், பதிவு, இன்ஷூரன்ஸ் இவற்றுக்கு இன்னொரு வரி.

சில்லறை என்றாலும் போல்ட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், பளபளப்பும் பார்க்காதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் இழுவிசைத் தாங்கும் திறன் 700 மெகாபாஸ்கல், 8.8 என்று தலையில் குத்தியிருக்கும் போல்ட்டுக்கு 800. நெளியத் தொடங்கும் இடத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது, 450-க்கு எதிராக 640. சஸ்பென்ஷனிலும் சீட்பெல்ட்டிலும் ஸ்டெயின்லெஸ் போட்ட காரில் நான் ஏற மாட்டேன்.

கருவிகளுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை: நல்ல டார்க் ரெஞ்ச், நாலு ஆக்சில் ஸ்டாண்டு, மல்டிமீட்டர், தரமான கிரிம்பிங் கருவி, ரிவெட் துப்பாக்கி. எஞ்சின் கிரேனை வாடகைக்கு எடுங்கள்.

வரிசையில் இன்னும் ஒன்று. சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சுட்டு ஒட்டவைக்கும் பூச்சு) போடுவதற்கு முன்னால் காரை ஒரு தடவை வெறுமனே பூட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின், ரேடியேட்டர், பெடல், எக்சாஸ்ட், ஸ்டியரிங் கம்பி எல்லாம் உட்கார்ந்து, ஒன்று இன்னொன்றை உரசாமல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கெங்கே பிராக்கெட் வெல்ட் செய்ய வேண்டும் என்பது தெரியும். கோட்டிங் போட்ட பிறகு வெல்ட் செய்தால் அந்த இடம் எரிந்து, துரு அங்கேதான் உள்ளே நுழையும். அலுமினியத் தகடு நேரடியாக இரும்பில் உட்காரும் இடங்களிலும் ஈரமும் உப்பும் சேர்ந்து அரிக்கும். நடுவே சீலண்ட் ஒரு படலமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பாதி சேசிஸுக்கு வருகிறேன். சனிக்கிழமை போகும்போது ஐந்து மீட்டர் டேப், டார்ச், இந்தக் கேள்விகள் மூன்றையும் கொண்டு போங்கள். செய்தது யார், அவர்கள் இன்றும் தொழிலில் இருக்கிறார்களா? சேசிஸ் நம்பரும் முதல் ரசீதும் இருக்கின்றனவா? எந்த டோனருக்காகச் செய்தது? சியராவுக்காகச் செய்த சேசிஸ் என்றால், அதில் எம்எக்ஸ்-5 பாகங்களை உட்கார வைக்கும் செலவில் வேறு சேசிஸே வாங்கிவிடலாம். அடித்தளத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும்; பத்து மி.மீ. வித்தியாசம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஏன் பாதியில் விட்டார் என்றும் கேளுங்கள். குழந்தை பிறந்தது, வீடு மாறினோம் என்றால் நல்ல செய்தி. 'ஒரு இடத்தில் கொஞ்சம் பொருந்தவில்லை' என்றால் அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே உட்காரவும் கேளுங்கள். தரையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கால் நீட்டிப் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் பாதத்தை வையுங்கள். முடிந்தால் கிட் கார் கண்காட்சி ஒன்றுக்கும் போய், நாலைந்து கம்பெனி கார்களில் ஏறி இறங்குங்கள். வீட்டில் உங்களோடு வரப்போகிறவரையும் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். எங்கே போனாலும், கார் ஓட்டும்போது போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள்.